ஆனைமலை லாட்ஜில் ஒரு வாளி வெந்நீர்

போன தை அமாவாசைக்கு முதல் நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆனைமலை போனேன். மார்கழியில் நிமோனியா வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். குணமானால் மாசாணியம்மனைப் பார்க்க வருவதாக நேர்ந்திருந்தார். டாக்டர் கண்டித்துச் சொன்னது ஒன்றுதான்: பச்சைத் தண்ணீர் ஆகாது. அம்மாவோ தலைக்குக் குளிக்காமல் கோயில் வாசலை மிதிக்காதவர். அதனால் வெந்நீர் வருகிற லாட்ஜாகத் தேடிப் பிடித்தேன்.

சூலூரில் மதியம் ஒன்றரைக்குக் கிளம்பி, காந்திபுரம், உக்கடம், பொள்ளாச்சி என்று மூன்று இடத்தில் பஸ் மாறி, ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். உக்கடத்தில் கூட்டமாக இருந்தால் ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும். லாட்ஜ் வாடகை ஆயிரத்து நானூறு. வாசலில் '24 மணி நேரமும் வெந்நீர்' என்று போர்டு, அதைச் சுற்றி சீரியல் லைட் வேறு.

காலை நாலரைக்குக் குழாயைத் திறந்தால் கை விறைக்கிறது. கீசர் சுவிட்சைப் போட்டேன், சிவப்பு லைட் எரியவில்லை. கீழே ஓடினேன். வரவேற்பறையில் மேனேஜரைத் தவிர ஈ காக்காய் இல்லை, ஏசி மட்டும் பதினெட்டில் ஓடுகிறது. மேனேஜர் குல்லா, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு போர்வையோடு உட்கார்ந்திருந்தார். அட கொடுமையே, அதை அணைக்கலாமே என்றேன். ரிமோட் முதலாளியிடம் இருக்கிறதாம். உள்ளே வருகிறவர்களுக்கு ஏசி லாட்ஜ் என்று தெரிய வேண்டுமாம். சோலார் இருக்கிறது, ஆனால் இரண்டு நாளாக வெயிலே இல்லை. ரூம் கீசர்களின் மெயின் சுவிட்ச் பூட்டிய பெட்டிக்குள். அந்தச் சாவியும் முதலாளியிடம். முதலாளி கோயம்புத்தூரில்.

போன் போட்டேன். பாதித் தூக்கத்திலும் மனிதருக்கு மரியாதை குறையவில்லை. "ஏனுங்க, ரூமுக்கு வாரவங்க கீசரை அணைக்காம மறந்துபோட்டுப் போயிர்றாங்க. கரண்டு வீணாப் போகலாமுங்களா?"

தலைக்கு மேலே ஓடுகிற ஏசியைப் பற்றிக் கேட்டேன், போர்டைப் பற்றிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "செரிங்க, செரிங்க." எங்கள் பக்கத்தில் இது பெரிய ரோதனை. சண்டைக்கு நின்றால் எனக்கும் 'ங்க' போட்டுத்தான் வாய் வருகிறது. இருபது நிமிடம் இருவரும் மாற்றி மாற்றி மரியாதை செய்துகொண்டோம், கீசர் சூடாகவில்லை.

கடைசியில் எதிர் டீக்கடைக்காரர்தான் பாய்லரிலிருந்து ஒரு வாளி பிடித்துக் கொடுத்தார். காசு கொடுத்தும் வாங்கவில்லை. மூச்சிரைக்க மாடி ஏறினால், அம்மா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறார். உதடு நடுங்குகிறது.

"நீ சண்டை புடிச்சு முடிக்கறதுக்குள்ள நடையே சாத்திருவாங்க கண்ணு," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆறு மணிக்கு வரிசையில் நின்றோம், ஏழே முக்காலுக்கு நல்ல தரிசனம். அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். போர்டை நம்பாதீர்கள். ரூமுக்குள் போய் கீசரைப் போட்டு, பத்து நிமிடம் நின்று, தண்ணீரைத் தொட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். உடம்புக்கு முடியாதவர்களைக் கூட்டிப்போனால், அவர்களைத் தனியாக விட்டுவிட்டு நியாயம் கேட்கப் போகாதீர்கள்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, பச்சைத் தண்ணீரில் குளிக்க விட்டீர்களா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா இருமலோடு முந்திக்கொண்டார்.

"இல்லீங்க டாக்டர், சுடுதண்ணிலதானுங்க குளிச்சேன். பையன் வாளியத் தூக்கிட்டு வந்து குடுத்தான்."