கதவு திறந்திருந்ததா?

தண்ணீருக்கடியில் வேலை பார்க்கிறவனால் பேச முடியாது. அதனாலோ என்னவோ, மேலே தலை தெரிந்ததும் ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள். வேலை முடிந்து வந்து மூச்சு விடுவதற்குள் பதில் சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

தொண்ணூறுகளில் பாம்பனுக்குப் பக்கத்தில், புயலில் மூழ்கிய சிறு சரக்குக் கப்பலிலிருந்து இரும்பு எடுக்கும் வேலை. ஆறு ஆள் ஆழம்தான். ஆனால் மார்கழி வாடையில் பல் கிட்டிப்போகும்.

அய்யா வந்த நாள்

எங்களுக்குத் திருப்புல்லாணிப் பக்கம் மானாவாரி நிலம். அந்த வருஷமும் பயிர் கருகிவிட்டது. என் வேலையைப் பார்க்க அய்யா ஒருநாள் கரைக்கு வந்தார். நான் சிலிண்டரை முதுகில் மாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்னலே இருக்கு?"

"காத்துய்யா."

சிலிண்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அங்கன தண்ணியில்லாம சாகுறோம். இங்கன காத்தையும்ல சுமந்துக்கிட்டுப் போற!"

வலை

சுக்கான் அறையில் சிக்கிக் கிடந்த பழைய வலை ஒருநாள் என் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. நான் திரும்பும்போதெல்லாம் இன்னும் இறுகியது. காற்றின் அளவைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டபோது எனக்குச் சாவு பயம் வந்துவிட்டது. கூட முங்கும் அருளப்பன் வந்து, என் தோளை அழுத்திப் பிடித்து அசையாமல் நிறுத்தி, கத்தியால் அறுத்துவிட்டான்.

இருவரும் படகில் ஏறினோம். அவன் கத்தியைத் துடைத்தபடி சொன்னான்: "அது எங்க மாமன் வலை. அறுத்ததை நீதான் அவருட்ட சொல்லணும்."

சமையல்காரர் மனைவி

அந்தக் கப்பலில் கரை சேராதவர் ஒருவர்தான், சமையல்காரர். கப்பல் சாய்ந்தபோது சமையலறைக் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. சிக்கல் ஊரிலிருந்து அவர் மனைவி பஸ் ஏறி வந்து படகுத்துறையில் நின்றார்.

"தம்பி, கதவு தெறந்திருந்துச்சா?"

அந்தப் பக்கம் மணல் ஏறிக் கிடந்ததால் நாங்கள் போனதே இல்லை. மறுநாள் போனேன். கலங்கல் தண்ணீரில் கண் தெரியவில்லை. தடவித் தடவித்தான் கண்டுபிடித்தேன். தாழ் விலகியிருந்தது. கதவு திறந்து மணலில் புதைந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஏறி வந்தபோது அவர் துறையிலேயே நின்றிருந்தார்.

"தெறந்துதான் இருந்துச்சுக்கா."

"கையால தொட்டுப் பாத்தியா?"

"தொட்டுப் பாத்தேன்."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுது முடித்து, முகம் துடைத்து, மெல்லச் சொன்னார்: "ஒரு வருசமா அவரு உள்ள நின்னு கதவைத் தட்டுற மாதிரியே இருந்துச்சு தம்பி. இனி தூங்குவேன்."

இரும்பு எடுக்கத்தான் என்னை இறக்கினார்கள், நிறையவே எடுத்தேன். ஆனால் கரையில் ஒருவர் சாப்பிடாமல் காத்திருந்தது, நான் வெறுங்கையோடு ஏறிவந்த அந்த ஒரு நாள்தான்.