ஸ்பிரிங் பட்டை ஆப்பு

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டையைப் பட்டறையில் கூராக்கி, விறகு பிளக்க ஆப்பு செய்து வைத்திருந்தார். மரக் கொட்டாப்புளியால்தான் அதை அடிப்பார்.

அன்று ஒரு வேப்பங்கட்டை பிளக்காமல் அழிச்சாட்டியம் செய்தது. ஆத்திரத்தில் நான் லாரியிலிருந்த சம்மட்டியை எடுத்து ஆப்பின் மேல் அடிக்க ஆரம்பித்தேன்.

“இரும்பு மேல இரும்புல அடிக்காத புள்ள, தெறிக்கும்” என்று ஓடி வந்தார்.

“இன்னும் ஒரே அடிதானுங்க மாமா” என்றேன்.

அந்த அடியில் தெறித்த சில்லு அவருடைய வலது கண்ணில் பாய்ந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, நான் வாய் திறப்பதற்குள், “நாந்தானுங்க அடிச்சேன்” என்றார். மாமியாரிடமும் அதையே சொன்னார். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

பார்வை திரும்பவில்லை. லாரி ஓட்டுவதும் போயிற்று.

இப்போது காபி கொடுக்க அவருக்கு இடப்பக்கம் வருகிறேன். அழுகை வந்தால் வலப்பக்கம் போய் நின்றுகொள்கிறேன்.