கூலிக்குப் பந்து பிடித்த மரியசூசை

அயிலை விற்க வரும் மணவாளக்குறிச்சிக்காரி கூடையை இறக்குமுன்பே சொன்னாள்: "உங்க பந்துக்காரரு மரியசூசை நேத்தைக்குப் போயிட்டாரு, கேட்டியளா?" அன்று நான் மீனுக்கு விலை பேசவில்லை. துக்கம் பெரியதுதான் என்று என் வீட்டில் புரிந்துகொண்டார்கள்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் என்ன சொல்ல? கட்டுமரக் குடும்பம். கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டத் துரை, தன் கால்பந்து அணிக்குக் கோல் காக்க மாதச் சம்பளம் பேசி அவரை அழைத்துக்கொண்டார். என்ன வேலை என்று கேட்டால், "பந்து பிடிக்கது" என்பார். "அது சரி, சோத்துக்கு?" என்றால், "அதாக்கும் சோறு" என்பார்.

எங்கள் தேவாலயச் சபை வாலிபர் அணியில் நானும் உண்டு. நாலாம் பாரத்தை இரண்டுமுறை படித்த எனக்குத் தந்திருந்த பொறுப்பு, இடைவேளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்குவது. ஒருநாள் நாகர்கோவிலில் தோட்டத்து அணியோடு ஆட்டம். எங்கள் தலைவர், ஒரு வக்கீல், "கூலிக்கு ஆடுகவன் எறங்கினா நாங்க எறங்கமாட்டோம்" என்று சொல்லிவிட்டார். தோட்டத்துக் கணக்கர் பயந்துபோய், "சூசை, இன்னைக்கு மட்டும் ஒதுங்கி இரியும். சம்பளம் கொறையாது" என்றார்.

"வெளையாடாம வாங்கினாத்தான் எனக்கு வெக்கம்" என்றார் சூசையண்ணன். பிறகு வக்கீலிடம் திரும்பினார். "ஒங்க உபதேசியாருக்குச் சம்பளம் உண்டா இல்லியா? அப்பம் அவருக்க பக்தி கள்ளபக்தியா?"

எங்கள் சபையில் பிரசங்கம் செய்யும் உபதேசியார் பக்கத்தில்தான் நின்றார். சிரிப்பை அடக்க மிகவும் பாடுபட்டார்.

வக்கீல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணனோ கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார். எதிரே ஆளில்லை. பழக்கூடையோடு விழித்துக்கொண்டு நின்ற நான் அவர் கண்ணில் பட்டேன்.

"ஏலே, எலுமிச்சம்பழம். சும்மா நிக்கியா? வந்து அடி."

அடித்தேன். பந்து அவர்வரை போகவில்லை. அவரே நடந்துவந்து எடுத்துக்கொண்டார். இவனே அடிக்கிறானே என்று ஆட்டம் பார்க்க வந்த ஜனங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுகிறவர்கள், மீன்காரர்கள், கடைசியில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு உபதேசியார், எல்லாரும் வரிசையில் நின்று அடித்தார்கள். இருட்டும்வரை ஒரு பந்தையும் அவர் உள்ளே விடவில்லை.

அடக்கத்தன்று ஓர் உறவினர், "தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர்" என்று மரியாதையாகப் பேசத் தொடங்கினார். அண்ணனின் மனைவி அழுகையை நிறுத்தினார். "உத்தியோகம் ஒண்ணுமில்ல. பந்து வெளையாடினாரு. அதுலதான் பிள்ளையள வளத்தோம்."

என் மூத்த மகள் நர்சு வேலைக்குப் போகிறாள். பெண்ணைக் கூலிக்கு விடுகிறாயே என்று சொந்தக்காரர்கள் வீடு தேடிவந்து கேட்கிறார்கள். முன்பெல்லாம் தலையைச் சொறிந்து, "சேவைதானே" என்று மழுப்புவேன். இப்போது, "சம்பளம் உண்டு. நல்ல சம்பளம்" என்கிறேன். சூசையண்ணனிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்தக் குனியாத தலை. என் கழுத்துக்கு அது இன்னும் சரியாகப் பழகவில்லை. பழகும்.