கண்டக்டர் வீட்டம்மா எழுதிய பரீட்சை

தெருவில் எல்லோருக்கும் அவள் கண்டக்டர் வீட்டம்மா. கண்டக்டர் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

ஒரு நாள் அவர் போன பஸ்ஸுக்குக் குறுக்கே சைக்கிள்காரர் ஒருவர் வந்துவிட, டிரைவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். முன்படிக்கட்டுப் பக்கம் நின்று சில்லறை கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர் அப்படியே முன்னால் போய் இரும்புக் கம்பியில் மோதினார். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை. சைக்கிள்காரருக்குச் சிராய்ப்புகூடக் கிடையாது.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவள் ஒன்றையே கேட்டாள். "கம்பியைப் பிடிச்சிருக்கலாமே? காலமெல்லாம் பஸ்ஸுல நின்ன மனுஷனுக்குக் கம்பியைப் பிடிக்கத் தெரியாதா?" டிரைவர் வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனார்.

டிப்போவில் அவளுக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள், பத்தாவது தேறியிருந்தால். அவள் ஒன்பதாவதோடு நின்றவள். மகளுக்கு அந்த வருஷம்தான் பத்தாவது. ஒரே புத்தகம், ஒரே மேஜை. மகள் டீச்சர், அம்மா மாணவி.

மற்ற பாடமெல்லாம் எப்படியோ வழிக்கு வந்தன. இயற்பியல்தான் மல்லுக்கு நின்றது.

"விசை சமம் நிறை பெருக்கல் முடுக்கம். சொல்லு."

"விசை சமம் நிறை பெருக்கல்... முடக்கம்."

"முடக்கம்னா வண்டி நின்னுடும்மா! முடுக்கம்! சரி, மூணாவது விதி?"

"அடிச்சா திருப்பி அடிக்கும்."

"இப்படி எழுதினா பேப்பர் திருத்துறவங்க வந்து உன்னை அடிப்பாங்க."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவர் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஒரு சாயங்காலம் மகள் பாடத்தின் கடைசியில் இருந்த கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனாள்.

"ஒண்ணை விட்டுட்டியேடி?"

"அது வராதும்மா."

"ஏன், கேள்வித்தாள் நீதான் அடிக்கிறியா?" புத்தகத்தை வாங்கி அவளே படித்தாள். 'ஓடும் பேருந்து திடீரென நிறுத்தப்படும்போது, நிற்கும் பயணிகள் முன்னோக்கி விழுவது ஏன்?'

புத்தகத்தை மகள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பதில் சொல்லு."

"வேண்டாம்மா."

"எனக்குத் தெரியணும்டி."

மகள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பஸ் நின்னுடும். காலும் அதோட நின்னுடும். உடம்பு மட்டும் அதே வேகத்துல போய்க்கிட்டே இருக்கும். அதுதான் நிலைமம். ஏதாவது ஒண்ணு தடுத்தாத்தான் நிக்கும். அப்பா நிக்கத்தாம்மா நினைச்சிருப்பாரு. கம்பியைப் பிடிக்கக் கை வேணும்ல? ஒரு கையில டிக்கெட் மெஷின், ஒரு கையில சில்லறை."

"உனக்கு இது எப்போ தெரியும்?"

"அப்பா போனப்புறம் முதல்ல ஸ்கூலுக்குப் போன அன்னிக்கு இந்தப் பாடம்தான் நடந்துச்சு."

அப்படியென்றால், தான் ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளை, வாயை மூடிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அம்மா புத்தகத்தை மூடினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் பார்த்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. இருவருக்கும் வேறு வேறு பள்ளியில் இடம். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "அதை எழுதினியா?"

"விட்டுட்டேன். அப்பாவை எப்படிம்மா ரெண்டு மார்க்குக்கு எழுதுறது?"

அம்மா எழுதியிருந்தாள். படம்கூடப் போட்டிருந்தாள்: கட்டமாக ஒரு பஸ், உள்ளே முன்னால் சாய்ந்த ஓர் ஆள். அதை மகளிடம் சொல்லவில்லை. குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள்.

இருவரும் தேறினார்கள். அம்மா மயிரிழையில்தான் தப்பினாள். டிப்போவில் கிடைத்தது, பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகும் குடைகளையும் டப்பாக்களையும் எடுத்து வைத்து, தேடி வருகிறவர்களிடம் கொடுக்கும் வேலை. டிப்போ தூரம்தான், ஆனாலும் நடந்தே போனாள். மழை கொட்டிய ஒரு நாள் அந்த டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி, "ஏறிக்கம்மா" என்றார்.

"பரவாயில்லண்ணே, நீங்க போங்க."

வகுப்பிலேயே இயற்பியலில் முதலாவதாக இருந்த மகள், பதினொன்றாவதில் வணிகவியல் எடுத்தாள்.

"ஏன்டி?"

"பிடிக்கலம்மா."

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. சோற்றைப் போட்டு, தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.