மானம்பூவுக்கு நான் கொடுத்த வாழை

விஜயதசமியன்று எங்கள் கோயிலில் மானம்பூத் திருவிழா. வாசலில் நட்ட வாழைதான் அசுரன். ஐயர் வாளோடு வந்து அதை வெட்டுவார். வெட்டி முடிந்ததும் சனம் முண்டியடித்துத் துண்டு பொறுக்கும். அசுரன் செத்த துண்டை வீட்டு வாழையடியில் செருகினால் தோட்டத்துக்குக் காவல் என்று புங்குடுதீவில் எங்கள் வட்டாரத்தார் நம்பினோம். நானும் நம்பினேன். நம்புவதற்குக் கிண்டவா கொத்தவா வேண்டும்?

ஒரு வருடம் அந்த அசுரனுக்கு வாழை கொடுத்தவன் நான். அது நோய் மரம். தெரிந்துதான் கொடுத்தேன்.

அதற்குச் சில நாள் முன்னர்தான் விவசாயப் போதனாசிரியரான இளம் பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து என் வாழையைப் பார்த்தார். "ஐயா, இது முடிக்கொத்து நோய். மருந்து இல்லை. குருத்துக்குள்ள மண்ணெண்ணெய் விட்டு அழுக்கணவனைச் சாகப்பண்ணிப்போட்டு, கிழங்கோட கிண்டி மண்ணுக்க தாட்டுவிடுங்கோ. வெளியில மட்டும் கொண்டுபோகாதேங்கோ."

அழுக்கணவன் என்பது இலைக்காம்பு இடுக்கில் ஒட்டிக்கிடக்கும் கடுகளவுப் பூச்சி. நோயை மரத்துக்கு மரம் காவுவது அதுதான். "ஓம் பிள்ளை" என்றேன். 'ஓம்' என்று சொல்ல இடுப்பு நோகாது. கிண்டத்தான் நோகும். ஆகவே கோயிலில் இருந்து மரம் கேட்டு வந்தபோது அம்மனே எனக்குக் கூலியாள் அனுப்பியதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த நோயில் இலைகள் ஒடுங்கி, உச்சியில் குத்திட்டுக் கொத்தாக நிற்கும். "அச்சொட்டா அசுரன்ர தலைமயிர்!" என்று ஊரே மெச்சியது. அந்த மயிரை நானே சீவிவிட்டவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

தைப்பொங்கல் கழிய, துண்டு செருகிய வளவுகளில் எல்லாம் வாழைகள் தலைமயிரைக் குத்திட்டன. நான் பென்சன் எடுத்த தபால்காரன். உத்தியோகத்தில் இருந்த காலத்தில்கூட ஒரு வீடும் தவறாமல் இப்படிக் கொடுத்ததில்லை.

பக்கத்து வளவு அக்காவுக்குத் தோட்டத்துக் கதலி வாழைதான் சோறு. தனி மனுசி. குலை வெட்டிக் கோயில்களுக்கும் கடைகளுக்கும் கொடுத்துச் சீவித்தவர். போதனாசிரியர் கிண்டச் சொன்னதும் தோட்டத்துக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"என்ர வாழையில ஆரும் கை வைக்க விடமாட்டன். உப்புக்காத்துக்கும் சவர்த்தண்ணிக்கும் நிண்ட வாழை, உந்தப் பூச்சிக்கோ சாகப்போகுது?"

அதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "அக்கா, மானம்பூவுக்கு நான் குடுத்தது நோய் வாழை. தெரிஞ்சுதான் குடுத்தனான்."

அக்கா குசினி அடுப்படிப் பக்கம் போனார். விளக்குமாறு வருகிறது என்று இரண்டடி பின்னால் வைத்தேன். வந்தது மண் கிண்டுகிற அலவாங்கு.

"கிண்டும்."

"அக்கா, என்ர இடுப்பு..."

"தெரிஞ்சு குடுத்தனீர்தானே, தெரிஞ்சு கிண்டும். ஒரு கிழங்கு மண்ணுக்க மிஞ்சினாலும் உம்மையும் சேர்த்துத் தாட்டுப்போடுவன்."

கிண்டினேன். அக்காவின் தோட்டம் முடிய மற்ற வளவுகள். அதன் பிறகு ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள். இந்த வயதில் மதில் ஏறி விழுந்தேன். காணிக்காரர் ஒருவர் கனடாவில் இருந்து போனில் கத்தினார்: "ஆரைக் கேட்டு உள்ள இறங்கினனீர்?"

"அழுக்கணவனும் ஆரையும் கேட்டு இறங்கேல்லை, தம்பி" என்று சொல்லிவிட்டு அலவாங்கைக் குத்தினேன். வழக்குப் போடுவதென்றால் போடட்டும். கடிதம் கொண்டுவருகிறவன் என்னிடம் வேலை பழகியவன்தான்.

ஆடியில் போதனாசிரியர் இழைய வளர்ப்பில் உண்டாக்கிய நோயில்லாத கன்றுகள் கொண்டுவந்தார். அக்கா தோட்டம் முழுக்க நட்டார். ஒன்றைக் கோயில் முற்றத்தில் நான் நட்டேன்.

மானம்பூ நெருங்க, கோயில் மனேச்சர் கடலுக்கு நடுவே போகும் தாம்போதித் தெருவுக்கு அப்பால், வேலணையில் ஒரு மரம் பேசிவிட்டார். போய் மறித்தேன்.

"வெளியில இருந்து ஒரு இலையும் தாம்போதி தாண்டி வரக்கூடாது."

"வாழை இல்லாமல் மானம்பூவோ? தெய்வக்குத்தம், ஐசே!"

"குத்தத்தை என்ர பேரில எழுதுங்கோ. அம்மனுக்கு நோய் வாழை குடுத்தவனுக்கு அதைவிடப் பெரிசா என்ன வரப்போகுது? வெட்டுறதெண்டால் முற்றத்துக் கண்டை வெட்டுங்கோ."

ஐயருக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் கன்று அவருடைய இடுப்பளவுதான். வாளை ஓங்கிக்கொண்டு வந்தவர், அசுரனைத் தேடிக் குனிந்தார். சனம் கொல்லென்று சிரித்தது.

சிரிக்கட்டும். வெட்டி முடிய எல்லாரும் வழமைபோல முண்டியடித்துத் துண்டு பொறுக்கினார்கள். நான் உரபாக்குப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றேன். "துண்டு எல்லாம் இதுக்குள்ள. ஒண்டும் வெளியில போகாது."

"நல்ல கண்டெண்டு நீர்தானே சொன்னனீர்?" என்று மனேச்சர் பாய்ந்தார்.

"கண்டு நல்லது. எங்கட பழக்கம்தான் நல்லதில்லை."

ஒருவரும் அசையவில்லை. எல்லாக் கைகளும் துண்டைப் பொத்தியபடி இருந்தன.  நானும் வாசலைவிட்டு நகரவில்லை. அப்போது அக்கா சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். கையை விரித்துத் தன் துண்டைப் பைக்குள் போட்டார்.

"வடிவாப் பாத்து நில்லும், தபால்காரர்" என்றார் ஊருக்கே கேட்க. "மனேச்சற்ற சால்வைக்குள்ளயும் ஒண்டு கிடக்கு."