சித்தியின் கையில் எழுந்த கட்டம்

என் சித்தி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த மறுவருஷம் அவளுக்குக் காணாக்கடி தொடங்கியது. காரணமில்லாமல் தோல் தடித்துச் சிவக்கும், அரிக்கும், சற்று நேரத்தில் அடங்கும், பிறகு வேறோர் இடத்தில் எழும். எனக்கு எட்டு வயதானபோது அதற்கு மூன்று வயதாகியிருந்தது.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கள் தெருவில் ஒரு வீட்டு நோய் அந்த வீட்டோடு நிற்பதில்லை. காலையில் கோயிலுக்குப் போகும் மாமிகள் எங்கள் வாசலில் நின்று, "இன்னிக்கு எப்படியிருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒருத்தி கத்தரிக்காயை விடச் சொன்னாள். இன்னொருத்தி தயிரை. சர்ப்ப கோபம் என்றாள் எதிர்வீட்டு மாமி. நாகக் கற்கள் இருக்கும் காவில் மஞ்சளும் பாலும் வைத்தாயிற்று. எல்லோர் பேச்சையும் கேட்டதில் சித்திக்குச் சாப்பிட மிஞ்சியது கஞ்சியும் உப்பும். கொஞ்சநாள் அவள் வாசலுக்கே வரவில்லை. சாமான் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

பிறகு ஒரு நாள் எழுந்து வந்து, கூடத்தில் இருந்த எல்லோருக்குமாக ஒரு சட்டம் போட்டாள்.

"மத்தியானம் ஊணு கழிஞ்சா காணாக்கடியைப் பத்தி யாரும் வாயைத் திறக்கப்படாது. கேக்கணும்னா காலம்பறயே கேட்டுக்கோங்கோ."

அம்மா சிரித்தாள். ஆனால் மீறவில்லை.

அந்தக் கோடை விடுமுறை மத்தியானங்களில்தான் எங்கள் ஆட்டம். சித்தியின் தோலில் லேசாகக் கோடு கிழித்தால் போதும், சில நிமிஷத்தில் அது நூல்கயிறு போலப் புடைத்து நிற்கும். முன்கையில் கொண்டை ஊசியின் மழுங்கிய முனையால் அவளே ஒரு சதுரம் போடுவாள். நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு, மூலைக்கு மூலை இரண்டு. எனக்கு மூன்று மஞ்சாடி விதை, அவளுக்கு மூன்று குன்றிமணி. மூன்றையும் ஒரே கோட்டில் சேர்ப்பவருக்கு ஜயம். அரை மணியில் கட்டம் தானாக மறைந்துவிடும். தோற்கும் நிலை வந்தால் நான் வேண்டுமென்றே நெடுநேரம் யோசிப்பேன்.

அப்படி யோசித்துக்கொண்டிருந்த ஒரு நாள், சித்தி கையை நீட்டியபடியே தூங்கிப்போனாள்; காய்கள் உருண்டு விழுந்துவிட்டன. உறைமோர் வாங்க வந்த எதிர்வீட்டு மாமி கையைப் பார்த்துவிட்டாள்.

"இதென்னடி கோலம்?"

"தானா எழும்பித்து மாமி" என்றேன் நான்.

பொய்யில்லை. புடைப்பு தானாகத்தான் எழும்பியது. ஊசியைப் பற்றி மாமி கேட்கவில்லை.

"ஸ்ரீசக்ரமாக்கும்!" என்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மோர் வாங்காமலே போனாள்.

மறுநாள் மத்தியானம் ஆறு மாமிகள் மடிப்புடவையில் வந்தார்கள். தட்டில் கற்பூரம், மஞ்சள், பூ. ஒருத்தி சித்தியின் விரல்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்று வருஷத்தில் "பாவம்" என்ற முகமில்லாமல் அவளை யாரும் பார்த்தது அன்றுதான். பேசாமல் இருந்திருந்தால் தெருவுக்கே அம்பாளாகியிருக்கலாம். மத்தியான ஆட்டம் மட்டும் கைவிட்டுப் போயிருக்கும்.

சித்தி கற்பூரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, அவர்கள் கண்ணெதிரே கையில் கட்டம் போட்டாள். அது புடைத்து வரும்வரை கையை நீட்டியபடியே இருந்தாள்.

"பாத்தேளா? நான் கிழிச்சா வரும். மூணு காய் ஆடற கட்டமாக்கும் மாமி. ஒரு கை ஆடறேளா?"

"அம்பாளை வெச்சுண்டு பரிகாசம் பண்றாளே! இவளுக்கு வராம பின்னே யாருக்கு வரும்?" என்றாள் ஒருத்தி. தட்டோடு ஐந்து பேர் போய்விட்டார்கள். எதிர்வீட்டு மாமிக்கு மட்டும் அவர்களோடு நடந்துபோக முகமில்லை. தயங்கி உட்கார்ந்தாள்.

"எனக்கு எந்தக் காய்டீ?"

சித்தி என் மஞ்சாடியை எடுத்துக் கொடுத்தாள். மாமி இரண்டு ஆட்டம் தோற்று, மூன்றாவதில் ஜயித்து, குழந்தை போலக் கைதட்டினாள். எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அந்தக் கோடும் அரிக்காதோ?" என்று கேட்டாள். மத்தியானச் சட்டத்தை மீறிய கேள்வி. சித்தி கோபிக்கவில்லை.

"அரிக்கும் மாமி. மத்ததெல்லாம் அது இஷ்டத்துக்கு வரது. இது நான் சொன்ன எடத்துல வரது."

மறுநாள் காலை எங்கள் வாசலில் நின்ற மாமி, எப்படியிருக்கு என்று கேட்கவில்லை. "மத்தியானம் ஆட்டம் உண்டோல்லியோ?" என்றாள். சித்தி வாசல்வரை வந்து, உண்டு என்றாள்.

முந்தின நாள் பேச்சையும் இந்தப் பேச்சையும் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். எனக்குப் பட்டதெல்லாம், மஞ்சாடி இனி எனக்குக் கிடையாது என்பதுதான். அன்று முழுவதும் சித்தியோடு பேசவில்லை.