பூஜைக்கு நிறுத்திய சர்வர்

செய்தி வந்தபோது மணி பதினொன்றேகால். ஆபீஸில் டிரைவர்களின் போன்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. டிரைவர் கரியப்பன் பெயரைப் பார்த்ததும் ஏதோ வண்டி பஞ்சர் என்று நினைத்துத்தான் எடுத்தேன். "அண்ணி, உக்காந்துனு இருக்கீங்களா?" என்று கேட்டான். குந்தாரப்பள்ளியில் அன்று சந்தை. மாடுகளும் டெம்போக்களும் சாலையை அடைத்துக்கொண்டதில் கிருஷ்ணகிரி பஸ் நகரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் கணவர் தினேஷ்குமார் முன்சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்திருக்கிறார். தூங்குகிறார் என்றே பக்கத்தில் இருந்தவர் நினைத்திருக்கிறார்; உயிர் போயிருந்தது. என் கணவரின் போனில் கடைசியாகப் பேசிய எண் கரியப்பனுடையது. அதனால்தான் செய்தி அவனுக்குப் போய், அவனிடமிருந்து எனக்கு வந்தது.

அவர் பயந்த சுபாவம் உள்ளவர். காஸ் சிலிண்டரை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பார். பைக்கைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பிடித்து ஆட்டுவார். மாமனார் ஆஞ்சப்பனும் மாமியார் செல்லியும் தொரப்பள்ளிப் பக்கம் ரோஜாத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். "இவன் சின்னதுல ரோஜாச் செடிக்குக் கூடப் பயப்படுவான். முள்ளு இக்குதேன்னு" என்று மாமியார் சிரிப்பார். டிப்ளமோ முடித்து ஒரு லேத் பட்டறையில் சில வருடங்கள் இருந்தார். அங்கே பக்கத்து மெஷின்காரரின் விரல் போனதைப் பார்த்த பிறகு அவரால் மெஷின் முன்னால் நிற்க முடியவில்லை. விஜயகுமார் சாரின் வேன் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தார். தொழிற்சாலைப் பெண்களை ஊர் ஊராக ஏற்றி இறக்கும் வேன்கள் எங்களுடையவை.

அந்த வெப்சைட் பிறந்ததும் பயத்தில்தான். ஒரு மாலை, ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு பெண்களை, "உங்க வேன் இதுதான், ஏறுங்க" என்று யாரோ ஒருவன் ஏற்றிக்கொண்டு ஜூஜுவாடி எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போய்விட்டான். அத்திப்பள்ளி நெரிசலில் வண்டி நின்றபோது இருவரும் கதவைத் திறந்து குதித்துத் தப்பினார்கள். அதே ஷிப்டில்தான் என் நாத்தனார் நிர்மலாவும் வேலை செய்கிறாள். அன்று முதல் இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யூடியூப் பார்த்துப் பார்த்து, வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, லினக்ஸ் கற்றுக்கொண்டு, ஒரே ஒரு பக்கம் உண்டாக்கினார். எந்த ஊருக்கு எந்த வேன், யார் டிரைவர், அவர் போட்டோ. கேட் வாட்ச்மேன் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் வேனை உள்ளே விடுவார். பெண்களும் அதைப் பார்த்துத்தான் ஏறுவார்கள். திரையில் இல்லாத வண்டிக்கு உள்ளே இடமில்லை என்பது தொழிற்சாலையின் விதியாகவே ஆகிவிட்டது.

போன வருடத்துக்கு முந்தின வருடத்து ஆயுத பூஜை. தொழிற்சாலைக்கும் விடுமுறை. வேன்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சாவிகளையெல்லாம் சாமி படத்துக்கு முன்னால் தட்டில் வைத்தோம். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் பூஜையன்று மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார்கள். படைத்த ஆயுதம் மறுநாள் கற்பூரம் காட்டும்வரை ஓய்வில் இருக்க வேண்டும். ஓடினால் குற்றம்.

விஜயகுமார் சார் தட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாச் சாவியும் வந்துருச்சு. தினேஷு, உன் சர்வரு எங்கய்யா? அதுக்கு மட்டும் லீவு இல்லியா?" என்றார்.

"அது மும்பைல எங்கியோ இருக்குது சார்."

"கண்ணுல பாக்காத மெஷினுக்கு எலுமிச்சம்பழம் எங்க வெப்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. லேத் பட்டறையில் ஒருமுறை பூஜையன்று அவசர ஆர்டர் என்று மெஷினை ஓட்டினார்கள். விரல் போனது அந்த வாரத்தில்தான். ஒரு வெள்ளைத் தாளில் சர்வரின் எண்ணை எழுதி, நான்கு மூலையிலும் சந்தனம் வைத்துத் தட்டில் சாவிகளோடு வைத்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்து சர்வரை நிறுத்தினார். வாடகைக்கு எடுத்த நாளிலிருந்து ஒருமுறைகூட நிற்காத சர்வர் அது.

மறுநாள் காலை கற்பூரம் காட்டிவிட்டு அதை ஓடவிட்டார். சர்வர் கம்பெனியின் பக்கத்தில் பச்சை விளக்கு வந்தது. லேத்தில் பச்சை விளக்கு எரிந்தால் மெஷின் ஓடுகிறது என்று அர்த்தம். அவர் நிம்மதியாகப் பொரிகடலை சாப்பிட்டார். காலையில் பெண்களை ஊரிலிருந்து ஏற்றிவர அந்தப் பக்கம் தேவையில்லை. டிரைவரை ஊருக்கே தெரியும், பெண்கள் கேட்டுக்கு வெளியிலேயே இறங்கிக்கொள்வார்கள். வீடு திரும்பும்போதுதான் அது வேண்டும்.

சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கேட்டிலிருந்து கரியப்பன் கூப்பிட்டான். "அண்ணி, வாட்ச்மேன் உள்ள வுட மாட்டேங்கறான். திரையில நம்ம வண்டியே இல்லியாம். என்னமோ இங்கிலீஷ்ல இக்குதாம்."

இவர் போனில் திறந்து பார்த்தார். எங்கள் வேன்கள் இல்லை, டிரைவர்களின் முகங்கள் இல்லை. சிவப்புப் பட்டையில் 'இட் ஒர்க்ஸ்!' என்று ஒரு வரி. எல்லாம் வேலை செய்கிறதாம்.

"யாரோ உள்ள பூந்துட்டாங்க சுசி" என்றார். பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பொண்ணுங்க பேரு, ஊரு லிஸ்ட்டெல்லாம் அதே சர்வர்லதான் இருக்குது. அன்னிக்கு ஏத்தினு போன அந்த வேன்காரனா இருந்தா?"

"நிர்மலா வெளிய வந்துட்டாளா?" என்று போனில் கேட்டேன்.

"ஷிப்ட் வுட்டாச்சு அண்ணி. எல்லாரும் ஷெட்டுல நிக்கறாங்க. நாங்க வெளிய, அவுங்க உள்ள." மழைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினான். "வெளிய ஒரு டெம்போ வந்து நிக்குது. நம்மளது இல்ல. அத்திப்பள்ளி, சந்தாபுரான்னு கூவறான். ஏன் மாடோது?" பதற்றம் வந்தால் என்ன செய்வது என்பதைக் கரியப்பன் கன்னடத்தில்தான் கேட்பான்.

"யாரையும் ஏற விடாத. வண்டிய அவன் முன்னாடி போட்டு மறி" என்றேன்.

இவர் சர்வர் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள், ஒரே பட்டன்தான் என்று பதில் வந்தது. அந்தப் பட்டனும் திரையில் இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில், பழையது அனைத்தும் அழியும் என்றும் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை. விஜயகுமார் சார் முதுகுக்குப் பின்னால் நின்று, "அமுக்குய்யா, அமுக்கித் தொலையேன். கேட்டுல அம்பது பொண்ணுங்க காத்துனு நிக்குது. நாளைக்கு அவங்கப்பன்மாரு வந்து என் சட்டையத்தான் புடிப்பாங்க" என்றார்.

இவர் விரல் பட்டன்மேல் போனது. அப்படியே நின்றது. பயந்தவர் என்றேனே, அந்தப் பயம்தான் அன்று விரலைப் பிடித்தது. "இத அழிச்சா திரும்ப வராது சார்" என்று சொல்லிவிட்டு, பட்டனைவிட்டு விலகி, சர்வருக்குக் கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்தார்.

முதலில் தன் கோப்புகளைத் தேடினார். இருந்தன. எல்லா டிரைவர்களும் இருந்தார்கள். மூச்சு விட்டார். அப்படியானால் அவற்றைக் காட்ட வேண்டிய மென்பொருள் ஏன் காட்டவில்லை? அதன் பெயர் என்ஜின்-எக்ஸ். அதைத் தொடங்கச் சொன்னார். தொடங்கவில்லை. முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. இரண்டாம் தடவையும் அதே வரி.

"நம்ம எடத்துல வேற எவனோ நிக்கறான்" என்றார். வெப்சைட்டைப் பார்க்க வருகிறவர்கள் நுழையும் எண்பதாம் எண் வாசலில் யார் நிற்பது என்று கேட்கும் கட்டளையை எழுதினார். விரல் வழுக்கித் தவறாக எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். திரையில் ஒரு பெயர் வந்தது. அப்பாச்சி.

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "திருடன் இல்ல சுசி. நாந்தான் கூட்டினு வந்தது."

கற்றுக்கொண்ட புதிதில் முதல் வீடியோவைப் பார்த்து நிறுவியது அந்த அப்பாச்சி. அதுவும் இதே வேலை செய்யும் மென்பொருள்தான். சரியாக வராததால் அதை நிறுத்திவிட்டு, அடுத்த வீடியோவைப் பார்த்து என்ஜின்-எக்ஸ் போட்டிருந்தார். நிறுத்தினாரே தவிர, சர்வர் எழும்போது நீ எழாதே என்று அதற்குச் சொல்லி வைக்கவில்லை. சர்வர் ஒருநாளும் நிற்காதவரை அது தெரியவில்லை. பூஜைக்கு ஓய்வு கொடுத்து எழுப்பியதும், அப்பாச்சி முந்திக்கொண்டு வாசலில் நின்று, யாரும் எழுதாத அந்த வெற்றுப் பக்கத்தைக் காட்டியிருக்கிறது.

ஒரு கட்டளையில் அப்பாச்சியை நிறுத்தினார். இன்னொன்றில் என்ஜின்-எக்ஸைத் தொடங்கினார். போனில் பக்கத்தை இழுத்துவிட்டார். முதல் படமே கரியப்பன், மீசையோடு.

"வந்துருச்சு அண்ணி, கேட்டு தொறக்கறான்!" என்று கரியப்பன் கத்தினான். கொஞ்ச நேரத்தில் நிர்மலா கூப்பிட்டாள். "அண்ணா, ஏறிட்டேன். என்னாத்துக்கு இவ்ளோ லேட்டு? சர்வருக்குப் பூஜ போட்டு ஊட்டுக்கு அனுப்பிட்டியாமே, இங்க எல்லாரும் சிரிக்கறாங்க." இவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு வெளியே போய் மழையில் நின்றார்.

உள்ளே வந்ததும், "அந்த இன்னொரு வரியையும் போட்டுடுங்க. அப்பாச்சி மறுபடியும் எழாம இருக்கட்டும்" என்றேன்.

"நாளைக்குப் போட்டுக்கலாம். இப்ப ஓடுது. தொட வேணாம்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அதன் பிறகு அந்தச் சர்வரைத் தொடவே பயந்தார். போன ஆயுத பூஜைக்கு எண் எழுதிய தாளுக்கு மட்டும் சந்தனம் வைத்தார். சர்வரை நிறுத்தவில்லை.

அவர் போன நாளிலும் வேன்கள் நேரத்துக்கு வந்தன. வாட்ச்மேன் திரையைப் பார்த்து உள்ளே விட்டார். நிர்மலாவைச் சாவு வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும் கரியப்பனின் வண்டிதான். இப்போது சர்வரின் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. கறுப்புத் திரையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். அன்று கற்பூரம் காட்டி எழுப்பியதிலிருந்து அது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாச்சி தானாக எழுவதைத் தடுக்கும் அந்த ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை.